வேலிக்காலுக்கு அடியில் குடியிருந்தவை

2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் அடித்தது. தெற்கு லண்டனில் எங்கள் தெருவில் அன்றைக்குச் சாயாத வேலியே குறைவு. எங்கள் பின்தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இருந்த மர வேலியும் விழுந்தது. பேனல்களுக்குப் பெரிய சேதம் இல்லை. இரண்டு பேனல்களை நடுவில் பிடித்துக்கொண்டிருந்த கால்தான் மண் மட்டத்தில் முறிந்துபோயிருந்தது.

அது பழைய ஓக் மரக்கால். இந்த வீட்டுக்கு நாங்கள் வருவதற்குப் பல வருடம் முன்பே நட்டிருக்கிறார்கள். தரைக்கு மேலே இருந்த பகுதி வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகி, ஆணி இறங்காத அளவுக்கு இறுகியிருந்தது. தரையை ஒட்டிய இடத்தில் மட்டும் விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு அதே குழியில் புதுக்காலை நட்டுவிடலாம், ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். எங்கள் பகுதி முழுக்கக் களிமண். ஈரமாக இருந்தால் ஸ்பேடில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் செங்கல். ஒரு சாண் ஆழம் போனதும் மண்ணின் நிறம் மாறியது. களியின் மஞ்சள் போய், கருப்பாக, பொலபொலவென்று, மழைக்கு அடுத்த நாள் காளான் முளைத்த இடத்தில் வருமே அந்த வாசனையோடு இருந்தது. கட்டையின் பக்கவாட்டில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். அது முழுதாக வரவில்லை, நீளவாக்கில் பிளந்தது. உள்ளே மரம் வெளிறி, நனைந்த பஞ்சு போல நார்நாராக இருந்தது. அந்தப் பிளவுக்குள் ஒரு வெள்ளைப் புழு சுருண்டு படுத்திருந்தது.

என் நடுவிரல் அளவுக்குப் பருமன். நிமிர்த்தினால் சுண்டுவிரலைவிட நீளமாக வரும். உடம்பு பால் நிறம், தோல் மெல்லியது. வால் பக்கம் வயிற்றுக்குள் இருந்த கருமையான மரச்சக்கை வெளியிலிருந்தே தெரிந்தது. தலையும் ஆறு கால்களும் நல்ல ஆரஞ்சு நிறம், தாடை மட்டும் கரும்பழுப்பு. அடுத்த பிளவில் இன்னொன்று, அதற்குக் கீழே இரண்டு சின்னவை. ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதை என் ஸ்பேடின் அலகு வெட்டிவிட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அலகை காலால் மிதித்து இறக்கியவன் நான்தான். அந்தப் புழு அங்கே மூன்று நான்கு வருடமாக இருந்திருக்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அப்போது அப்பா வாட்ஸாப் வீடியோவில் இருந்தார். வாரக்கடைசியில் தோட்ட வேலை செய்தால் போனை ஒரு பூந்தொட்டி மேல் சாய்த்து வைத்துவிடுவேன். பொள்ளாச்சியில் அவருக்கு அது மத்தியான நேரம். புழுவைப் பார்த்ததும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"காண்டாமிருக வண்டுப் புழு கண்ணு அது. அங்கயும் வந்துருச்சா? எடுத்துக் கோழிக்குப் போடு."

தென்னை வைத்திருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். எருக்குழியைக் கிளறினால் இதே மாதிரி வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள் கூடை கூடையாக வரும். அதை விட்டுவைத்தால் வண்டாகிப் போய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். சின்ன வயதில் நானே எருக்குழியிலிருந்து பொறுக்கிக் கோழிக்குப் போட்டிருக்கிறேன். குருத்துக்குள் கம்பியை விட்டு வண்டைக் குத்தி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"இல்லீங்கப்பா, இங்க தென்னையே கெடையாதே. இது வேற ஏதோ" என்றேன். எது என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னார். எண்பது வயதைத் தாண்டியவர், அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவர். ஜூன் மாதம் சாயங்காலத்தில் பறந்து வருமே, கொம்பு வைத்த பெரிய கருப்பு வண்டு, அதன் குஞ்சு இது, உடனே மூடிவிடு என்றார். குஞ்சு என்றுதான் சொன்னார், பறவையைச் சொல்வது போல.

அவர் சொன்னது ஸ்டாக் பீட்டில். ஆண் வண்டின் தாடைகள் கலைமான் கொம்பு மாதிரி கிளைத்து நிற்பதால் அந்தப் பெயர். மான்கொம்பு வண்டு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டனில் தரையில் வாழும் வண்டுகளில் இதுதான் பெரியது. ஆண் ஏழரை சென்டிமீட்டர் வரை வளரும். தேம்ஸ் பள்ளத்தாக்கு, லண்டனின் தெற்கு, மேற்குப் பகுதிகள், ஹாம்ப்ஷையர், எசெக்ஸ், சஃபோக் பக்கம் என்று தென் இங்கிலாந்திலேயே சில இடங்களில்தான் இருக்கிறது. டென்மார்க்கில் இது முற்றாக அழிந்துபோய், பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இங்கே 1981 வனவிலங்குச் சட்டப்படி இதை விற்பது குற்றம்.

எருக்குழிப் புழுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்பாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். தோட்டத்தில் வெள்ளைப் புழு கிடைத்ததும் நசுக்குகிறவர்கள் இங்கேயும் நிறையப் பேர், அதனால் இங்கேயும் எழுதுகிறேன். தோட்ட உரக்குவியலில் கிடைப்பது பெரும்பாலும் ரோஸ் சேஃபர் வண்டின் புழு. அதன் உடம்பில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் இருக்கும், மேலே பொடி ரோமம் இருக்கும், தரையில் விட்டால் மல்லாந்து படுத்து முதுகால் ஊர்ந்து போகும். மான்கொம்பு வண்டுப் புழு வழுவழுவென்று இருக்கும், தலை ஆரஞ்சு. இன்னும் சந்தேகம் என்றால் வால் நுனியைப் பார்க்க வேண்டும். ஆசனவாய்ப் பிளவு மேலிருந்து கீழாகச் செங்குத்தாக இருந்தால் இது. குறுக்காக இருந்தால் சேஃபர் வகை. தென்னையின் காண்டாமிருக வண்டும் அந்தக் குறுக்குப் பிளவுக் குடும்பம்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம புழு இதில்லதான்" என்று ஒத்துக்கொண்டார்.

சரி, புழுக்களை என்ன செய்வது? இந்த வண்டுக்காகப் பல வருடமாக வேலை செய்யும் பீப்பிள்ஸ் டிரஸ்ட் ஃபார் என்டேஞ்சர்டு ஸ்பீஷீஸ் என்ற அறக்கட்டளையின் அறிவுரை தெளிவாக இருந்தது. எடுத்த இடத்திலேயே திரும்ப வை, சுற்றியிருந்த அதே மக்கிய மரத்தோடு வை, மூடு. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் நிழலான இடத்தில், அந்தப் பழைய மரத்தை முடிந்தவரை அள்ளிக்கொண்டு போய்ப் புதை. அவற்றின் தோல் மெல்லியது, காற்றுப்பட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். நான்கு புழுக்களையும் பிளந்த மரத்தின் இடுக்குகளிலேயே வைத்து, கருப்பு மண்ணை முதலிலும் களிமண்ணை அதற்கு மேலும் போட்டு மூடினேன். மிதித்து இறுக்கவில்லை, கையால் தட்டி விட்டேன்.

இப்போது வேலி பாக்கி. அடிக்கட்டையை எடுக்க முடியாது என்றால் புதுக்காலை வேறு இடத்தில்தான் நட வேண்டும். பேனல்களோ ஆறடி அளவில் ஆயத்தமாக வருபவை, 183 சென்டிமீட்டர். காலை 45 சென்டிமீட்டர் ஒரு பக்கம் தள்ளினால், அந்தப் பக்கத்துப் பேனல் 45 சென்டிமீட்டர் கூடுதலாகிவிடும், இந்தப் பக்கம் அதே 45 குறையும். கணக்கு அங்கேயே தீர்வையும் காட்டிவிட்டது. ஒன்றிலிருந்து அறுத்த துண்டை மற்றதோடு சேர்த்து, பின்னால் மூன்று குறுக்குச் சட்டம் அடித்து ஒட்டுப்போட்டேன். ஒட்டு விழுந்த இடம் சரியாக அந்தப் பழைய கட்டைக்கு நேர் மேலே. அங்கே மட்டும் பேனலின் அடியில் ஒரு கையளவு இடைவெளி விட்டேன். பெண் வண்டு அதிகம் பறக்காது, நடந்துதான் போகும். புதுக்காலுக்குக் குழி தோண்டும்போது ஸ்பேடை மிதிக்கவே இல்லை. தோட்ட வேலைக்கான சின்னக் கைக்கரண்டியால் 60 சென்டிமீட்டர் ஆழம் போக மூன்று சாயங்காலம் ஆயிற்று. புழு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வருடக் கோடை யாருக்கும் மறக்காது. ஜூலை 19 அன்று லிங்கன்ஷையரில் 40.3 டிகிரி, பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். எங்கள் தோட்டத்துக் களிமண் கை நுழையும் அளவுக்கு வெடித்தது. ஒரு வெடிப்பு பழைய கட்டையை நோக்கிப் போனதைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மக்கும் மரம் ஈரமாக இருக்கும் வரைதான் அதில் பூஞ்சை உயிரோடு இருக்கும். பூஞ்சை இளக்கிய மரம்தான் புழுவுக்குச் சாப்பாடு. வெடிப்பில் உலர்ந்த இலையையும் மரச்சில்லையும் திணித்து, மேலே பழைய சாக்கை விரித்து, மழைநீர்த் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஆகஸ்ட் கடைசியில் ஹோஸ் குழாய்க்குத் தடையும் வந்தது. அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை.

அந்தச் சாக்கு விரித்த நாட்களில்தான் ஒன்று உறைத்தது. இந்தக் கட்டை எத்தனை நாள் தாங்கும்? நான்கு அங்குலக் கால். பாதி ஏற்கெனவே சக்கை. இது முடிந்தால் இங்கே பிறக்கும் பெண் வண்டு எங்கே முட்டையிடும்? பக்கத்திலேயே அடுத்த மரம் தயாராக இருக்க வேண்டும், அதுவும் இது தீர்வதற்குள் மக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மரத்துண்டுகளை மண்ணில் செங்குத்தாகப் புதைத்துச் செய்வதை இங்கே லாகரி என்கிறார்கள். அதைக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

கட்டுவதற்கு முன் ரிச்மண்ட் பூங்காவுக்கு நாலைந்து தடவை போனேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். முன்பெல்லாம் மான் பார்க்கக் குழந்தைகளோடு போவோம். இந்தத் தடவை மான்களை விட்டுவிட்டு மரங்களைப் பார்த்தேன்.

முதலாம் சார்லஸ் மன்னர் 1637-இல் வேட்டைக்காக மதில் கட்டி வளைத்த இடம் அது. அங்குள்ள ஓக் மரங்களில் சில அந்த மதிலைவிட வயதானவை. உள்ளே ஆள் நிற்கலாம் போல் குடைந்துபோனவை, உச்சி காய்ந்து ஒரே ஒரு பக்கக் கிளையில் மட்டும் தழைத்திருப்பவை, பட்டுப்போய் வெறும் முண்டமாக நிற்பவை எல்லாம் உண்டு. எதையும் அகற்றவில்லை. விழுந்த கிளை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆபத்தான கிளையை வெட்டினாலும் அடிமரத்தை நிற்க விடுகிறார்கள். அந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மான்கொம்பு வண்டுக்காகவே அது சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாகவும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சுள்ளிகூட எடுத்துவரக் கூடாது.

ஒரு ஓக்கின் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சுவர் செம்பழுப்பாக, சதுரம் சதுரமாக வெடித்து, கையில் எடுத்தால் காப்பிப்பொடி போல ஆகும் பதத்தில் இருந்தது. தரையில் ஒரு முழ உயரத்துக்கு அந்தப் பொடி சேர்ந்து கிடந்தது. மரம் மேலே பச்சை இலையோடு நிற்கிறது, உள்ளே நடுமரத்தைப் பூஞ்சை தின்று தீர்க்கிறது. மரம் அதனால் சாகவில்லை. நீரும் உணவும் ஓடுவது வெளிவட்டத்தில்தானே, உள்ளே குழலாகிவிட்டாலும் நூறு இருநூறு வருடம் நிற்கும். அந்தப் பொடியில் மட்டுமே வாழும் வண்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. காய்ந்த கிளை நுனியில் ஒன்று, பட்டைக்கு அடியில் தட்டையாக ஒன்று, பொந்தின் அடிப்பொடியில் ஒன்று, மண்ணுக்குள் போன வேரில் ஒன்று.

இவற்றில் சில வண்டுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. ஊதாநிற க்ளிக் வண்டு என்று ஒன்று, பிரிட்டனில் மொத்தமே மூன்று இடத்தில்தான் இருப்பதாகத் தெரிகிறது: விண்ட்சர் காடு, வூஸ்டர்ஷையரில் பிரெடன் குன்று, குளோஸ்டர்ஷையரில் டிக்ஸ்டன் வனம். வயதான பீச், ஆஷ் மரங்களின் அடிப்பொந்தில் சேரும் ஈரப்பொடிதான் அதற்கு வேண்டும். ஹெர்ஃபோர்ட்ஷையரில் மொக்காஸ் பூங்கா என்ற பழைய மான் பூங்காவில் 1934-இல் இரண்டு மில்லிமீட்டர் வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது இந்த நாட்டில் வேறெங்கும் கிடையாது. இங்கே அதன் உலகமே அந்தப் பூங்காவின் ஓக் மரங்கள்தான். ஏன் இப்படி? இவற்றில் பல அதிக தூரம் பறப்பதில்லை. ஒரு பொந்து மரம் விழுவதற்குள் நடந்து, பறந்து சேரும் தூரத்தில் இன்னொரு பொந்து மரம் வேண்டும், பல நூற்றாண்டுகளாக அந்தச் சங்கிலி அறாமல் இருந்திருக்க வேண்டும். மன்னர்களின் வேட்டைக்காடுகளிலும் பிரபுக்களின் மான் பூங்காக்களிலும்தான் அது அறாமல் இருந்தது. கிழ மரத்துக்கும் இள மரத்துக்கும் நடுவே தலைமுறை இடைவெளி விழுந்த இடங்களில், நடுவயது மரங்களில் வேண்டுமென்றே செயின்சாவால் காயம் செய்து சீக்கிரம் பொந்து விழ வைக்கிறார்கள்.

என் வேலிக்கட்டை விஷயமும் அதே கதை, சின்ன அளவில். இதற்குப் பிறகு எனக்கு அவசரமாகிவிட்டது.

முதலில் மரம். ஓக், பீச், ஆஷ், ஆப்பிள், செர்ரி என்று இலையுதிர் மரம் எதுவும் ஆகும். ஊசியிலை மரம் வேண்டாம். வேலிக்கென்று விற்கும் மருந்தேற்றிய மரம் அறவே கூடாது. புதுக்காலை அறுத்த துண்டுகளை அதனால்தான் குவியலில் சேர்க்கவில்லை. மரம் வெட்டும் ஒருவர் மலிவாகத் தருகிறேன் என்று அக்டோபரில் ஒரு வண்டி இறக்கிவிட்டுப் போனார். எல்லாம் ஒரே மாதிரிச் சிவப்புப் பழுப்பாக இருந்தது. ஒரு துண்டை அறுத்ததும் பிசின் மணம் மூக்கில் ஏறியது. பாதிக்கு மேல் லேலண்டி, வேலிக்கு வளர்க்கும் ஊசியிலை மரம். இறக்கும்போதே ஒரு துண்டை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். அவற்றைப் பிரித்துப் பாதையோரம் வரிசையாக அடுக்கி வைத்தேன்.

உண்மையான மரம் நாலு வீடு தள்ளிக் கிடைத்தது. ஒரு பழைய செர்ரி மரம் பட்டுப்போய் வெட்டினார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். தொடையளவுப் பருமனில் ஏழு துண்டு, இன்னும் கொஞ்சம் மெலிந்ததாக ஆறு. பட்டையை உரிக்கவே கூடாது, ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். நடுவில் வைக்க ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக மூன்று, சுற்றிலும் 80, 70 என்று குறைத்துக்கொண்டே வந்தேன். கோபுரப் படிக்கட்டு மாதிரி.

அப்புறம் இடம். வெயில் நாள் முழுக்க விழும் மூலையை முதலில் தேர்ந்தெடுத்தது தவறு என்று அந்தக் கோடையே சொல்லிவிட்டது. வேலியின் பழைய கட்டையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, மத்தியானத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும் இடத்தை எடுத்தேன். நெருங்கித் தோண்டவும் பயம். இந்தப் புழு முழு வளர்ச்சி அடைந்ததும் மரத்தை விட்டு மண்ணுக்குள் வந்து, தன்னைச் சுற்றி மண்ணாலேயே ஒரு கூடு கட்டி அதற்குள் கூட்டுப்புழு ஆகும். இலையுதிர் காலத்திலேயே வண்டாகிவிடும், ஆனால் வெளியே வராது. குளிர்காலம் முழுக்க அந்தக் கூட்டுக்குள்ளேயே இருந்து மே, ஜூனில்தான் மேலே வரும். ஆகவே மரத்தைச் சுற்றியுள்ள மண்ணும் அதன் வீடுதான், நவம்பரில் அங்கே ஸ்பேடு போகக் கூடாது.

குழி ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். தோண்டி முடித்த இரவே மழை. காலையில் பார்த்தால் தொட்டி மாதிரித் தண்ணீர் நின்றது, சாயங்காலம் வரை வடியவில்லை. களிமண்ணை ஸ்பேடு வழித்து வழித்துக் குழியின் சுவர் பளபளவென்று மெழுகியது போலாகிவிட்டிருந்தது. அதற்குள் மரத்தை வைத்தால் மக்காது, ஊறி அழுகும். தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டு, சுவரிலும் அடியிலும் தோட்ட முள்கரண்டியால் குத்திக் குத்திப் பிளந்தேன். தோட்டம் சரியும் பக்கமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதில் கரடுமுரடான மரச்சில்லை நிரப்பினேன். அடுத்த மழைக்கு ஒரு மணி நேரத்தில் வடிந்தது.

நடுத்துண்டுகளை நிறுத்தி, சுற்றிலும் மற்றவற்றை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கமாக நட்டேன். இடைவெளிகளில் தோண்டிய மண்ணோடு செர்ரியின் மரச்சில்லைச் சரிபாதி கலந்து போட்டு, ஒரு கம்பால் குத்திக் குத்தி இறக்கினேன், மரம் ஆடாமல் நிற்கும் வரை. பெண் வண்டு முட்டையிடுவது மண்ணுக்கு அடியில் உள்ள மரத்தின் அருகே. வெளியே தெரியும் பகுதி மற்றப் பூச்சிகளுக்கு. புதைந்திருக்கும் பகுதியில்தான் கவனம் வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு நரி வந்து பாதியைக் கிளறிவிட்டது. புதுமண் என்றால் அதற்கு ஆர்வம். கோழிவலையை விரித்துக் கல் வைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே புத்தியில் பட்டது, கீழேயிருந்து வரும் வண்டு அந்த வலைக்கண்ணில் எப்படி நுழையும்? மாட்டிக்கொண்டு வெயிலில் செத்துப்போகும். வலையை எடுத்துவிட்டு ரோஜாச் செடியின் கவாத்து முட்களைப் பரப்பினேன். நரி அதற்குப் பிறகு வரவில்லை. வசந்தத்தில் சுற்றிலும் ஐவிக் கொடி தானாகவே படர்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டது.

2023 மே மாதத்தில் மரத்துண்டுகளின் மேல் வந்த முதல் விருந்தாளி குளவி வண்டு. கருப்பில் மஞ்சள் பட்டையோடு குளவி போலவே துருதுருவென்று ஓடும், கொட்டாது. அந்த ஜூன் 11, ஞாயிறு. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகியும் வெளிச்சம் இருந்தது, காற்று இல்லை, புழுக்கம். தூரத்தில் பொம்மை ஹெலிகாப்டர் ஓட்டுவது போலச் சத்தம் கேட்டது. வேலியின் ஒட்டுப் பேனலில் இருந்து ஏதோ ஒன்று நிமிர்ந்த நிலையில் மெதுவாகக் கிளம்பி, கிழவர் மாடிப்படி ஏறுவது போலக் காற்றில் ஏறி, சமையலறைச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது.

ஆண். மல்லாந்து கிடந்தது. ஒரு குச்சியை நீட்டியதும் கால் நுனிக் கொக்கிகளால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது. தலையும் மார்பும் மை கருப்பு. இறக்கை மூடியும் கொம்பும் தேய்த்து மெருகேற்றிய ரோஸ்வுட் நிறம், போர்ச் விளக்கில் மினுங்கின. உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கி, நுனியில் சீப்புப் பற்களாக விரிந்தது. வாயில் கொம்புகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னத் தூரிகை. மரச்சாறு கிடைத்தால் அதனால் நக்கிக்கொள்ளும். மற்றபடி அது சாப்பிடுவதே இல்லை, புழுவாக இருந்த வருடங்களில் சேர்த்த கொழுப்புதான் அந்த ஆறேழு வாரத்துக்கும் கைச்செலவு. மான்கொம்பு பார்க்கப் பயமாக இருக்கும், ஆணுக்கு அதில் கடிக்கும் வலு இல்லை. சின்னத் தாடை உள்ள பெண் கடித்தால்தான் வலிக்கும். ஐவிமேல் வைத்தேன். பத்து நிமிடம் நின்று, உடம்பைப் பம்ப் அடிப்பது போல அசைத்து, மறுபடி கிளம்பிப் போனது.

காலையில் பழைய கட்டைக்கு மேலே மண்ணில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருந்தது. அந்த நான்கில் ஒன்று. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழந்தையாக இருந்தபோது இதை இடி வண்டு என்பார்களாம், வீட்டுக்குள் வந்தால் இடி விழும் என்று பெரியவர்கள் பயப்படுவார்களாம். தோட்டத்தில் தன் மழைநீர்த் தொட்டிக்கு அன்றே மூடி போட்டுவிட்டார். இந்த வண்டு விழுந்து மூழ்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பார்த்த விவரத்தை அறக்கட்டளையின் கணக்கெடுப்பில் பதிந்தேன். 1998-லிருந்து பொதுமக்களைக் கொண்டே அதை நடத்துகிறார்கள்.

2024-இல் வண்டை உயிரோடு பார்க்க முடியவில்லை. நடைபாதையில் தலையும் கொம்பும் மட்டும் ஒரு நாள் கிடந்தன, கொம்பு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மேக்பை பறவை வயிற்றைத் தின்றுவிட்டு இப்படித்தான் போட்டுவிட்டுப் போகும். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் செர்ரித் துண்டுகளில் டர்க்கி டெயில் காளான் வரிசை வரிசையாக விசிறி விரித்தது. மரத்தை வெளுக்க வைத்து இளக்கும் பூஞ்சை அது, புழுவுக்குப் பிடித்த பதம். தரைக்கு மேலே ஒரு துண்டில் லெஸ்ஸர் ஸ்டாக் பீட்டில் குடியேறியது. முழுக்க மங்கிய கருப்பு, கொம்பு சிறியது, மூன்று சென்டிமீட்டருக்குள். அது மண்ணுக்கு வெளியே உள்ள மரத்திலேயே குடும்பம் நடத்தும்.

கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கிறதா என்று தோண்டாமல் கண்டுபிடிக்க முடியுமா என்றும் பார்த்தேன். லண்டனுக்கு மேற்கே உள்ள ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் மண்ணுக்குள் ஒலிவாங்கி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இந்தப் புழு பின்னங்காலை நடுக்காலில் உரசி ஒலி எழுப்பும், ஒவ்வொரு வகைக்கும் அந்த ஒலி வேறு. வளர்ந்த வண்டுகளை ஈர்க்க அவர்கள் பொறியில் வைத்தது இஞ்சி. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் எதையும் வைத்துப் பார்க்கவில்லை, இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம், 2025 ஜூனில், அப்பா இரண்டு மாதம் எங்களோடு வந்து இருந்தார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கே நாற்காலியைப் போட்டு மரத்துண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். ஜூன் 24 அன்று உள்ளே இருந்த என்னைச் சத்தம் போடாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டார். வேலியடி இடைவெளி வழியாக ஒரு பெண் வண்டு நடந்து வந்திருந்தது. கொம்பில்லாதது, ஆணைவிடச் சிறியது, கழுத்தில் களிமண் அப்பியிருந்தது. பழைய கட்டைப் பக்கம் நிற்காமல் நேராகச் செர்ரித் துண்டுகளின் அடிக்கு வந்தது. ஐவி இலையைத் தலையால் ஒதுக்கி, முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே இறங்கியது. முதலில் தலை மறைந்தது, பிறகு மார்பு. இறக்கை மூடியின் கடைசி நுனி மறைய இருபது நிமிடம் ஆயிற்று. அப்பா அதுவரை நாற்காலியில் சாயவில்லை.

"எத்தன வருசத்துல வெளிய வரும்?"

"மூணுல இருந்து ஏழு ஆகுமுங்கப்பா."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அந்தப் பக்கம் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்த என் பையனிடம் அதை வேறு சுவரில் வைக்கச் சொன்னார்.

இப்போது அக்டோபர். வெளிவட்டத்தில் மெலிந்த துண்டுகள் இரண்டு மண்மட்டத்தில் இளகிவிட்டன. அவற்றைப் பிடுங்கப் போவதில்லை, அவற்றுக்கு வெளியே மூன்று புதுத் துண்டுகளைச் சேர்த்து நட வேண்டும், அதுவும் ஸ்பேடு இல்லாமல், கைக்கரண்டியால். தெருமுனை வீட்டில் ஆப்பிள் மரம் ஒன்றை அடுத்த வாரம் வெட்டுகிறார்கள். அடிமரத்தில் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று துண்டு, பட்டை உரிக்காமல் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.